ஊறுகாய் வைக்கிற இடம்

என் கழுத்துக்குள்ளே நாலு சுரப்பிகள் இருக்கின்றன என்பது நாற்பத்தொன்பது வயது வரை எனக்குத் தெரியாது. தெரியாமலே நன்றாகத்தான் இருந்தேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துகொள்ள ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் அதைச் சொன்னார். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதானாம். பாராதைராய்டு என்று பெயர். சிறுநீரகம் படுத்துவிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்குமாம். அதைப் பார்த்ததும் இந்த நாலு பருப்பும் மிரண்டுபோய் ஒரு ஹார்மோனைக் கொட்டுமாம். அந்த ஹார்மோன் எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை உருவி ரத்தத்தில் விட்டுவிடுமாம். அது எவ்வளவு கொட்டுகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பி.டி.எச். டெஸ்ட். இருக்கிற சீக்கு போதாதென்று இது வேறா என்றுதான் எனக்குத் தோன்றியது.

டயாலிசிஸுக்குக் கையில் ஊசி குத்தியதும், மெஷினோடு இணைப்பதற்கு முன்னால் அந்த ரத்தத்தை எடுத்துவிடுவார்கள். ஊதா மூடி போட்ட குழாய். எடுத்த கையோடு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். சூடு பட்டால் அந்த ஹார்மோன் கெட்டுவிடும் என்று நர்ஸ் சொன்னார். என் ரத்தம் ஜில்லென்று பெட்டியில் உட்கார்ந்து சென்னைக்குப் போகும். ரத்தத்துக்குச் சொந்தக்காரனான நான் நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து, கால் இழுத்து, தலை கிறுகிறுத்து, சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டிவனம் வந்து சேருவேன். இரண்டு நாள் கழித்து முடிவு என் மனைவியின் போனுக்கு வரும்.

முதல் தடவை வந்ததே நாலு இலக்கத்தில் வந்தது. என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், சில நூறு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. விழுப்புரத்தில் பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னதான் சாப்பிடறீங்க?"

"கஞ்சியும் சுண்டைக்காயும்தாங்க."

"வேலை எங்க?"

"மல்லாட்டை மண்டியில, சார்."

அவ்வளவுதான். அந்த நிமிஷமே என் மேல் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். திண்டிவனம் மண்டியில் இருபது வருஷமாக எடை போடும் இடத்தில் நிற்கிறேன். மூட்டை வந்தால் ஒரு கை அள்ளி, உடைத்து, பருப்பு எத்தனை, சொத்தை எத்தனை என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். உடைத்துப் பார்த்த பருப்பை எவனும் கீழே போடமாட்டான். வாயில் போட்டுக்கொண்டே பேசுவான். எனக்கு மல்லாட்டையில் பாஸ்பரஸ் இருக்கிறது, தொடாதே என்றார்கள். கேப்பைக் கூழ் கூடாது, கருவாடு கூடாது, பால் தயிர் கூடாது, உப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். எல்லாவற்றையும் விட்டேன். ஆனால் எங்கே நிற்கிறேன் பாருங்கள். சாராயக் கடையில் வேலை செய்கிறவன் குடிக்கமாட்டேன் என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

என் பெண்டாட்டியும் நம்பவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லுவாள். நான் முகம் கழுவுவதற்குள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பாள். சிவப்புத் தோலும் இரண்டு பருப்பும் கொட்டும்.

"இன்னாங்க இது?"

"மண்டியில நிக்கிறவன் சட்டையில மல்லாட்டைத் தோல் இல்லாம மல்லிப்பூவா இருக்கும்?"

"பூவு இருந்தாகூட வுட்டுடுவேன். பால் குடிச்ச பூன மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு பேசாதீங்க."

சிரிப்புத்தான் வந்தது, முதல் சில நாள். அப்புறம் சிரிப்பு வற்றிவிட்டது. ஒரே ஒரு தடவை, பச்சை மல்லாட்டை வந்த நாள், பக்கத்தில் யாரோ வறுத்த வாசனையில் மதி கெட்டு ஒரு பருப்பை உதடு வரை கொண்டுபோனேன். கொண்டுபோய்விட்டுத் திரும்ப மூட்டையில் போட்டேன். அதற்குச் சாட்சி யாரும் இல்லை. யாரும் பார்க்காதபோது தின்றதற்குத்தான் ஊரில் சாட்சி கிடைக்கும். தின்னாததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

இதில் மாத்திரையும் உண்டு. சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸை வயிற்றிலேயே கட்டிப்போட்டு வெளியே தள்ளிவிடுகிற மாத்திரை. குண்டு குண்டாக இருக்கும், தொண்டையில் இறங்கவே அழிச்சாட்டியம் பண்ணும். மூன்று வேளையும் ஒன்று. அதை என் மனைவி என்னிடம் கொடுத்துவைக்கவே இல்லை. நான் மறந்துவிடுவேனாம். நான் சாப்பிட்டு, கை கழுவி, வாய் கொப்புளித்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளே அட்டையிலிருந்து பிதுக்கி என் உள்ளங்கையில் வைப்பாள். விழுங்குகிற வரைக்கும் நகரமாட்டாள். மண்டியில் இருக்கும்போது மத்தியானம் போன் வரும். "கை கழுவிட்டீங்களா? மாத்திரை போட்டாச்சா?" ஒரு வேளை தப்பியதில்லை. அந்தப் பெருமையை மட்டும் அவளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

அப்படியும் இரண்டாவது டெஸ்டில் எண் ஏறியது. மூன்றாவதில் இன்னும் ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து முதுகு முழுக்கப் புண். எலும்புக்குள் யாரோ மெதுவாக அரம் போடுகிற மாதிரி இடுப்பும் காலும் வலிக்கும். பஸ் படியில் காலை வைப்பதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு தடவை ஏறிப் பார்த்துக்கொள்வேன். எனக்குச் சலித்துப்போனது. வலி ஒரு பக்கம். சொன்ன பேச்சு அத்தனையும் கேட்டும் கேட்காதவன் என்று பேர் வாங்குகிறோமே என்கிற சலிப்பு இன்னொரு பக்கம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்குப் பழியும் இங்கேதான், பாவமும் இங்கேதான்.

என் மனைவி வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு மண்டிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். என்னோடு தராசில் நிற்கிற எடைக்காரர் என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணி போன் பண்ணிச்சு. நீங்க துன்றீங்களான்னு பாத்துக்கச் சொல்லுது."

"நீ இன்னா சொன்ன?"

"நான் பாத்தவரைக்கும் இல்லன்னு சொன்னேன். 'நீ பாக்காதப்ப?'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

அதற்குப் பிறகு மண்டியில் எல்லாக் கண்ணும் என் வாய் மேலேயே இருந்தது. சாக்குத் தூசி பட்டு உதட்டைத் துடைத்தால்கூட ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. வாரத்தில் மூன்று நாள் படுக்கையில் கிடக்கிற எனக்கு, மிச்ச நாளில் நோயாளியாக இல்லாமல் இருக்கிற ஒரே இடம் அந்த மண்டிதான். அங்கேயும் நோயைக் கொண்டுவந்து விட்டுவிட்டாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உப்பத் துன்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்" என்றாள்.

"எனக்கு உப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. இந்தப் பழமொழியாவது மிச்சம் வையேன்டி" என்றேன்.

நாலாவது முடிவைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்னும் ஒருமுறை பார்க்கலாம், அடுத்த டெஸ்டில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் கழுத்தைத் திறந்து சுரப்பிகளை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் திருவெண்ணெய்நல்லூர்க்கார அம்மா அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர். கழுத்தில் மடிப்போடு மடிப்பாக ஒரு கோடு இருக்கும். நான் கேட்டபோது முந்தானையை விலக்கிக் காட்டினார்.

"கத்தி வெச்சது ஒண்ணும் இல்லண்ணே. அதுக்கப்புறம் சுண்ணாம்புச் சத்து மொத்தமா எறங்கிப் போச்சு. கை ரெண்டும் கோணிக்கினு நின்னுடுச்சு. மாசக் கணக்குல ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன். இப்பவும் சுண்ணாம்பு மாத்திரய பொரி துன்ற மாதிரி துன்னுக்கினு இருக்கேன்."

எனக்குக் கழுத்தில் ஏற்கெனவே டயாலிசிஸுக்காகக் குழாய் போட்டு எடுத்த தழும்பு உண்டு. இடது கையில் இரண்டு இடத்தில் வெட்டு உண்டு. இன்னொரு கத்திக்கு உடம்பில் தெம்பு இல்லை. மாதக் கணக்கில் படுத்தால் மண்டியிலும் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். நான் பயந்துபோனேன். ராப்பகலாகக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை என் பெயர் சொல்லி ஜெபம் செய்தார்கள். போதகர் ஐயருக்கு அந்தச் சுரப்பியின் பெயர் வாயில் நுழையவில்லை. "ஆண்டவரே, எங்களைவிட உமக்கு அது நன்றாகத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் லீவு. அவருக்குப் பதில் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், முப்பது வயதுகூட இருக்காது. என் காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னையும் என் மனைவியையும் உட்காரச் சொன்னார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"மல்லாட்டை துன்றேன்னுதான சொல்லப் போறீங்க? துன்றதில்லம்மா. எழுதிக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. "நேத்து மத்தியானம் என்ன பண்ணீங்கன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க, சார்" என்றார்.

சொன்னேன். சோறு, சுரைக்காய்க் கூட்டு, அரை டம்ளர் தண்ணீர். மாத்திரை என்று வந்ததும் என் மனைவி குறுக்கே புகுந்தாள். அது அவளுடைய இடம் அல்லவா.

"மாத்திரைய மட்டும் நான் ஒரு வேள தப்ப வுட்டதில்லம்மா. சாப்ட்டு, கை கழுவி, வாய் கொப்புளிச்சு, கொஞ்ச நேரம் ஒக்கார வெச்சு, என் கையாலயே குடுக்கறேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து என் மனைவியின் குரல் கடைசியில் இறங்கிவிட்டது.

"சாப்பாட்டோடதானே போடச் சொன்னாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமாம்மா. தெரியும். ஆனா எச்சில் கையோட மாத்திரைய எப்படித் தொடறது? அட்டையப் பிதுக்கணும் இல்ல? அதான் கை கழுவினதும் மொத வேலையா..."

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை ரத்தத்துக்குப் போய் வேலை செய்கிற மாத்திரை இல்லை. வயிற்றில் சோறு இருக்கும்போது சோற்றோடு கலந்தால்தான் பாஸ்பரஸைப் பிடிக்கும். சாப்பிட்டு முடித்து, ஆற அமர உட்கார்ந்து போட்டால் பிடிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். நாலு வாய் தின்றதும், சாப்பாட்டுக்கு நடுவில் போடவேண்டும்.

நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கு நடுவில் மாத்திரை போட்ட மனுஷனை நாங்கள் எங்கள் ஆயுசில் பார்த்ததில்லை. சோறு பிசைந்த கையால் எங்கள் வீட்டில் எதையுமே தொடமாட்டோம், கரண்டியைத் தொடமாட்டோம், தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டோம். இடது கையால் எடுத்து வாயில் போடுவதும் கிடையாது. காய்ச்சல் மாத்திரையோ சுகர் மாத்திரையோ, ஒன்று சோற்றுக்கு முன்னால், இல்லையென்றால் கை கழுவிய பின்னால். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் யாரும் இல்லை. டாக்டர்கள் சாப்பாட்டோடு என்று சொன்னதும் எங்கள் காதில் சரியாகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கை தன் வழக்கப்படிதான் போனது.

"எங்க வீட்லயும் இப்படித்தான் பண்ணுவாங்க. இத இங்க முன்னாடியே யாராவது கேட்டிருக்கணும்" என்று டாக்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒன்பது மாதத்துக்கு மேல் திருட்டுப் பட்டம் சுமந்தவன் நான். கூட்டேரிப்பட்டு தாண்டுகிறவரை பொறுத்துப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப இன்னா சொல்ற?" என்றேன்.

"இன்னாத்த சொல்றது? மாத்திரய தப்பாப் போட்டது வாஸ்தவம்தான். அதுக்காக நீங்க மல்லாட்டையே துன்னலன்னு ஆயிடுமா?"

அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்று ராத்திரி சோறு போடும்போது, தட்டின் ஓரத்தில், முன்னெல்லாம் ஊறுகாய் வைக்கிற இடத்தில், மாத்திரையைப் பிதுக்கி வைத்தாள். உப்பை நிறுத்தியதிலிருந்து அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. நாலு வாய் தின்றதும் "ம்" என்றாள். சோற்றுக் கையாலேயே எடுத்து வாயில் போட்டேன். உடம்பு கூசியது. என்னவோ செய்யக்கூடாததைச் செய்கிற மாதிரி இருந்தது. விழுங்கிவிட்டு மறுபடி சோற்றில் கை வைக்க மனசே வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். "துன்னுங்க. மருந்து இல்லன்னு நெனச்சிக்கினு துன்னுங்க. தொட்டுக்கைன்னு நெனச்சிக்கங்க" என்றாள்.

அப்படித்தான் அந்த மூன்று மாதமும் போனது. மண்டிக்குக் கொடுத்தனுப்புகிற டிபன் பாக்ஸில், சோற்றின் மேல் சின்ன மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதன் அடியில் மாத்திரையை வைத்திருப்பாள். பிரம்மதேசத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் இலையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர், "இது இன்னாப்பா, புது பதார்த்தமா?" என்று கேட்டார். "சாப்ட்டுப் பாக்கறீங்களா?" என்றாள் இவள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆனால் சாயந்திரம் சட்டைப் பையைக் கவிழ்ப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. கவிழ்த்துப் பார்த்து, தோலைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவாள். கத்தினால்கூட எனக்குத் திருப்பிக் கத்த ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அந்த மௌனம் பெரிய பேஜாராக இருந்தது.

அரிப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நம்ப பயமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்த அன்று நர்ஸிடம், "பெட்டியில ஐஸ் நெறைய போடும்மா" என்றேன். அந்த இரண்டு நாளும் கழுத்துக்குள் கத்தியே இறங்கிவிட்ட மாதிரி எச்சில் விழுங்கக்கூட யோசித்தேன். மூன்றாம் நாள் காலை அவள் போன் சத்தம் போட்டது. அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள். மூன்று இலக்கம்தான் இருந்தது. என்னால் நம்ப முடியாமல் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தேன். ஆயிரத்துக்கு நன்றாகவே கீழே இறங்கியிருந்தது.

பெரிய டாக்டர் லீவு முடிந்து வந்து மாதக்கணக்காகிவிட்டது. அன்றைக்கு என் காகிதத்தைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம். இப்படியே கொண்டுபோலாம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். என் தோளில் தட்டி, "இப்பவாவது வாயைக் கட்டணும்னு தோணிச்சே. மல்லாட்டைய விட்டதும் பாத்தீங்களா, எப்படி இறங்குதுன்னு?" என்றார்.

எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. போகட்டும், கத்தி தப்பித்ததே பெரிசு என்று தலையை ஆட்டிவைத்தேன். டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினார். என் மனைவி அதை வாங்கவில்லை.

"அவரு முன்னாடியும் துன்னலைங்க" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளும் துன்னலைங்க. நாங்கதான் மாத்திரய தப்பான நேரத்துல குடுத்தோம். இவரு சொன்னது அத்தனையும் நெசம். அதையும் எழுதிக்கங்க."

டாக்டர் சரி சரி என்று ஏதோ சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வராண்டாவில் அவள் சீட்டை மடித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஏங்க, இன்னா இது? அதான் நம்பர் எறங்கிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு அழுவுறீங்க?" என்றாள்.

"நம்பருக்கு இல்லடி" என்றேன்.